தொட்டியை அளக்காமல் ஆளை அளக்கிறார்கள்

(தாமிரபரணியில் 1999 ஜூலை 23 அன்று உயிரிழந்த 17 பேரின் நினைவாகக் கடையத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடையத்தில் இலக்கியக் கூட்டம் என்றால் பாரதியில் தொடங்குவதுதான் வழக்கம். செல்லம்மாவின் ஊர், 1918 முதல் 1920 வரை பாரதி குடியிருந்த ஊர். நாம் இன்றைக்கு வேறு இடத்தில் தொடங்குகிறோம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் இருந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைக் காவல்துறை அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். அரசுத் தரப்பு அதை 'நீரில் மூழ்கி' என்று எழுதியது. அந்த இரண்டு சொல்லில் தடி கிடையாது, தடியைப் பிடித்த கை கிடையாது. ஆறு மட்டும் இருக்கிறது.

அதே இலக்கணத்தில் எழுதப்படும் இன்னொரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். 'விஷவாயு தாக்கி மூவர் பலி.' வாரம் தவறினாலும் மாதம் தவறாமல் செய்தித்தாளில் இதைப் படிக்கிறோம். 2020 ஜூலை 2 அன்று தூத்துக்குடி மாவட்டம் கீழ செக்காரக்குடியில் ஒரு வீட்டுத் தொட்டியில் 4 இளைஞர்கள். நம் நெல்லைச் சீமையிலிருந்து வேலைக்குப் போனவர்கள். 2021 பிப்ரவரியில் ஸ்ரீபெரும்புதூர் அருகே உணவு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் தொட்டியில் 3 பேர். 2025 மே 19 அன்று திருப்பூர் மாவட்டம் கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் தொட்டியில் 3 தலித் தொழிலாளர்கள். ஒவ்வொரு முறையும் தாக்கியது வாயுதான். மூடியைத் திறக்கச் சொன்னவர், கூலி பேசியவர், 'இறங்குப்பா' என்றவர் யாருக்கும் அந்த வாக்கியத்தில் இடமில்லை. 1993 முதலான சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளுக்கு ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்து வந்திருக்கிறது. சமூகநீதி பேசும் மண்ணில் அந்த முதலிடமும் நம்முடையதுதான்.

கரைப்புதூரை எடுத்துக்கொள்வோம். நாம் உடனே கேட்பது 2013ஆம் ஆண்டு கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின்கீழ் வழக்கா என்பது. கேட்க வேண்டியதுதான். ஆனால் சாயப்பட்டறை ஒரு தொழிற்சாலை. தொழிற்சாலைக்கு 2025 நவம்பர் வரை இன்னொரு சட்டம் இருந்தது, அதை நாம் எடுத்துப் படித்ததே இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு அறை, தொட்டி, குழி, குழாய், புகைப்போக்கி என்று பட்டியலே போட்டது. இப்படி அடைபட்ட இடம் எதிலும் ஆபத்தான வாயு இருக்க வாய்ப்பு இருந்தால், ஆள் வெளியேறுவதற்குப் போதுமான வழி இருக்க வேண்டும். வாயுவை அகற்ற முடிந்ததையெல்லாம் செய்திருக்க வேண்டும். அதன் பிறகும், தகுதி பெற்ற ஒருவர் தானே சோதித்துப் பார்த்து 'உள்ளே போகலாம்' என்று எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்குகிறவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பில் பெல்ட் கட்டி, அதன் கயிற்று முனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

அந்தச் சட்டம் நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். சட்ட அமைச்சர் பாபாசாகேப் அம்பேத்கர். இருவரும் அமைச்சரவையில் இருந்த காலத்தில் எழுதப்பட்ட ஒரு பிரிவு, ஆலைக்குள் எல்லோருக்கும் பொருந்தி, நம் ஆட்கள் இறங்கும் தொட்டியின் வாயில் மட்டும் எப்படி நின்றுபோனது?

பெரிய ஆலைகளில் வேலை பார்த்த தோழர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாய்லருக்குள் வெல்டிங் வைக்க ஃபிட்டர் போக வேண்டுமானால் பெர்மிட் உண்டு. சேஃப்டி ஆபீசர் கையெழுத்து உண்டு. வால்வைப் பூட்டி, சாவியை எடுத்து வைத்து, வாயிலில் ஒருவர் நிற்பார். அதே வளாகத்தின் பின்சுவர் ஓரம் கழிவுநீர்த் தொட்டி இருக்கும். அதற்கு ஆள் வருவது ஞாயிற்றுக்கிழமை, அல்லது ராத்திரி. காண்ட்ராக்டரின் கீழ் ஒரு புரோக்கர், அவருக்குக் கீழ் ஒரு குடும்பம். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பெர்மிட்டுக்குப் பதிலாக ஒரு குவார்ட்டர் பாட்டில். பாய்லருக்குள் போகிறவர் தொழிலாளி, தொட்டிக்குள் போகிறவர் 'கிளீன் பண்ண வந்த ஆளு'. ஒரே மதில் சுவருக்குள் இரண்டு சட்டம் நடப்பது இப்படித்தான். அந்தத் தொட்டி 36ஆம் பிரிவின் பட்டியலில் சொல் மாறாமல் இருந்தது என்பதை எந்தக் காவல் நிலையத்தில் எழுதினார்கள்?

பாதுகாப்பு மதிப்பீடு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சமூகவியல் படித்தவர்களுக்கு வேதியியல் எதற்கு என்று நினைக்காதீர்கள். 'அவங்களுக்குப் பழக்கம், ஒண்ணும் ஆகாது' என்று சொல்லும் சாதிய அறிவை உடைக்க இது தேவை. எந்த உடம்புக்கும் இந்த வாயு பழகாது.

நாம் மூச்சு விடும் காற்றில் ஏறத்தாழ 20.9 சதவீதம் ஆக்சிஜன். 19.5க்குக் கீழே போனால் அந்த இடம் ஆபத்தானது என்பது பல நாடுகளில் உள்ள அளவுகோல். அழுகும் கழிவு ஆக்சிஜனைத் தின்றுவிட்டு மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் வெளியே விடுகிறது. கடைசியாகச் சொன்னதுதான் அழுகிய முட்டை நாற்றம் உள்ளது. காற்றைவிடக் கனமானது, அடியில் படுத்திருக்கும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கின் நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிடும். 'வாடை போயிருச்சு, இனி இறங்கலாம்' என்று நினைக்கிற அந்த நொடியில்தான் அது கொல்லத் தயாராகியிருக்கும். 500ஐத் தாண்டினால் நினைவு தப்பக்கூடும்.

நம் பாட்டன்மார் இதை அறியாதவர்கள் இல்லை. பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கும் முன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அதுவும் ஒரு மதிப்பீடுதான். அந்தக் காலத்துக்கு மிகச் சரியான மதிப்பீடு. ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் விளக்கு நன்றாக எரியும். டீசல் மோட்டார் ஓடிய கிணற்றில் நிற்கும் கார்பன் மோனாக்சைடையும் அது காட்டாது. மீத்தேன் தேங்கிய தொட்டியில் விளக்கை இறக்கினால் வெடிக்கும். இன்றைக்கு அந்த வேலையைச் செய்வது உள்ளங்கை அளவுள்ள ஒரு கேஸ் மீட்டர். முதலில் ஆக்சிஜன், பிறகு தீப்பற்றும் வாயு, பிறகு நச்சு வாயு. மேலே, நடுவே, அடியில் என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். அளந்ததோடு முடியாது. சகதியைக் கலக்கியதும் உள்ளே அடைபட்டிருந்த வாயு குபீரென்று கிளம்பும். மூடி திறந்ததும் சரியாக இருந்த தொட்டி ஐந்தாவது நிமிடத்தில் சவக்குழி ஆகிவிடும். ஆள் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் மீட்டர் ஓட வேண்டும். அதன் விலை சில பத்தாயிரம் ரூபாய். தொட்டிச் சாவு ஒன்றுக்கு இழப்பீடாக 2014இல் 10 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அது அரசாங்கம் தருகிற பணம், பட்டறைக்காரருக்குச் செலவில்லை என்று நினைக்கிற வரையில் மீட்டர் வாங்க மாட்டார்கள்.

ஒருவர் விழுந்ததும் இரண்டாமவர், மூன்றாமவர் ஏன் இறங்குகிறார்கள்? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இலேயே எழுதியது: அடைபட்ட இடங்களில் சாகிறவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள். அங்கே காப்பாற்றப் போகிறவர் உடன் வேலை பார்ப்பவர். இங்கே அவர் அண்ணன், மச்சான், சித்தப்பா மகன். சாதி வேலையைப் பிறப்பில் கட்டி, வேலைக்கு ஆள் பிடிப்பதையும் தெருவுக்குள்ளேயே கட்டியிருப்பதால், தொட்டியைச் சுற்றி நிற்பது ஒரு குடும்பமாகத்தான் இருக்கும். தம்பி உள்ளே கிடக்கும்போது வெளியே நின்று கயிற்றை இழு என்று அண்ணனிடம் யார் சொல்ல முடியும்? அதுவும் கயிறே கட்டாதபோது. அதனால்தான் நம்மிடம் ஒரே வீட்டு வாசலில் இரண்டு பாடை கிளம்புகிறது. இதை 'உணர்ச்சிவசப்பட்டு இறங்கினார்கள்' என்று அறிக்கையில் எழுதுவது அயோக்கியத்தனம். மீட்பு ஏற்பாடு இல்லாமல் இறக்கியது முதலாளியின் குற்றம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், நம் கூட்டங்களில் வந்தும் இருக்கிறது. யாரும் இறங்கவே கூடாது என்பதுதானே நம் கோரிக்கை? மீட்டர், பெல்ட், சான்றிதழ் என்று பேசினால் இறங்குவதை ஒப்புக்கொண்டதாகிவிடாதா? நியாயமான அச்சம். 2013 சட்டத்திலேயே அந்த ஓட்டை இருக்கிறது. பாதுகாப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் இறக்குவதைத்தான் 'அபாயகரமான துப்புரவு' என்று அது தடுக்கிறது. ஒரு ஜோடி கையுறையைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு.

ஆனால் மதிப்பீடு என்பதன் முதல் கேள்வியே ஆள் உள்ளே போகத்தான் வேண்டுமா என்பதுதான். பிரிட்டனின் 1997ஆம் ஆண்டு விதிகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன: போகாமல் வேலையை முடிக்க நடைமுறையில் வழி இருந்தால் யாரும் போகக் கூடாது. பாய்லருக்குள் வெல்டிங் வைக்க ஆள் போக வேண்டியிருக்கலாம். கழிவுநீர்த் தொட்டியை உறிஞ்சும் லாரியும், அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் குழாயும் சுத்தம் செய்துவிடும். ஆகவே நேர்மையாக மதிப்பீடு செய்தால் அது முதல் வரியிலேயே முடிந்துவிடும்: ஆள் வேண்டாம். அந்த வரியை எழுத நேரும் என்பதால்தான் மதிப்பீட்டையே செய்வதில்லை. தொட்டியை அளப்பதற்குப் பதிலாக ஆளை அளக்கிறார்கள். எந்தத் தெரு, எவ்வளவு கடன், எவ்வளவுக்கு இறங்குவான்.

நம் பக்கத்துக்கு வருவோம். கடையத்தைச் சுற்றி அரிசி ஆலைகள், செங்கல் சூளைகள். அந்தப் பக்கம் குற்றாலம். சாரல் விழுந்து சீசன் தொடங்கினால் லாட்ஜுகளின் தொட்டிகள் நிறையும். லாட்ஜ் தொழிற்சாலை ஆகாது, அங்கே 36ஆம் பிரிவு உதவியதில்லை, 2013 சட்டம்தான். சின்ன ஆலைகளிலும் இதே சிக்கல் வளர்கிறது. மின்சாரத்தில் ஓடும் ஆலையில் 10 பேர் இருந்தால் 1948 சட்டம் பொருந்தும் என்றிருந்ததை, 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் 20 பேர் என்று உயர்த்தியிருக்கிறது. நம் சுற்றுவட்டாரத்து ஆலைகளில் 20 பேரைப் பதிவேட்டில் காட்டுவது எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உண்மை அறியும் குழுவாகப் போகும்போது இறந்தவரின் சாதி, வயது, பிள்ளைகள் எத்தனை என்று எழுதிக்கொண்டு வருகிறோம். அதோடு இவற்றையும் எழுதி வாருங்கள். வாயுவை அளந்தது யார், எந்தக் கருவியால், எத்தனை மணிக்கு? சான்றில் கையெழுத்துப் போட்டது யார்? கயிற்றின் மறுமுனை யார் கையில் இருந்தது? லாரியைக் கூப்பிடாதது ஏன்? தொட்டி இருக்கும் இடம் தொழிற்சாலையாகப் பதிவானதா? பதிவானது என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், அந்த ஆலையில் அடைபட்ட இடங்கள் எத்தனை, கடைசியாக எப்போது ஆய்வு செய்தீர்கள் என்று. சாவு நடந்த பிறகுதான் போட வேண்டும் என்பதில்லை. தொட்டியில் ஆள் இறங்குவதைப் பார்த்தால் 14420 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

செய்தி எழுதப் போகும் தோழர்களுக்கு ஒன்று. அடுத்த முறை 'விஷவாயு தாக்கி' என்று ஆரம்பிக்கும் முன், இறக்கியவரின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பெயரில் வாக்கியத்தைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் அது இல்லை என்பதையே செய்தியாக எழுதுங்கள்.

இந்தக் கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து வாசலில் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போங்கள். ஜெய்பீம்.