பெரிய ரேம் வாங்கும் முன்
(சமுதாயக் கூடத்தில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் படித்தது பி.காம். பேங்க்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் நிபுணன் இல்லை. ஆனால் பணம் எந்த இடத்தில் வீணாகும் என்பது ஓரளவு தெரியும். "கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, பெரிய ரேமாகப் போட்டுவிடலாமா?" என்று பலரும் கேட்கிறீர்கள். நம் சங்க அலுவலக கம்ப்யூட்டருக்கும் 16 ஜிபி ஸ்டிக் ஒன்று வாங்கலாம் என்று யோசனை வந்திருக்கிறது. அதனால் இதைப் பேசுகிறேன்.

பேங்க் லாக்கர் உங்கள் சாவி, பேங்க்கின் சாவி இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ரேமும் அப்படித்தான். பிராசஸர், மதர்போர்டு இரண்டும் ஏற்றுக்கொண்டால்தான் வேலை செய்யும்.

முதலில் பார்க்க வேண்டியது தலைமுறை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. அழுத்திச் செருகினால் ஸ்லாட்தான் உடையும்.

இரண்டாவது, வடிவம். லேப்டாப் ஸ்டிக் டெஸ்க்டாப் ஸ்டிக்கில் ஏறக்குறைய பாதி நீளம்தான். ஒன்றுக்கு வாங்கியதை மற்றொன்றில் போட முடியாது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். அவற்றில் பிறகு கூட்டவே முடியாது. வாங்கும்போதே தேவையான அளவு வாங்கிவிட வேண்டும்.

மூன்றாவது, ஒரு ஸ்லாட் தாங்கும் உச்ச அளவு. பலர் ஏமாறுவது இங்கேதான். நம் அலுவலக கம்ப்யூட்டர் இன்டெல் நான்காம் தலைமுறை, எச்81 போர்டு, இரண்டே ஸ்லாட். ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, மொத்தம் 16 ஜிபி, அவ்வளவுதான். 16 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் கச்சிதமாக உட்காரும்; கம்ப்யூட்டர் கிளம்பாது. போடுவதானால் 8 ஜிபி ஸ்டிக் இரண்டு போட வேண்டும். இன்டெல் ஆறு, ஏழாம் தலைமுறை டிடிஆர்4 டெஸ்க்டாப்களுக்கு ஸ்லாட்டுக்கு 16 ஜிபி கணக்கு. ஒன்பதாம் தலைமுறையில் பயாஸைப் புதுப்பித்த பிறகு 32 ஜிபி ஸ்டிக் ஏற்கும். முதலில் வந்த டிடிஆர்5 போர்டுகள் சிலவற்றிலும் 48 ஜிபி ஸ்டிக் போட பயாஸ் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, மலிவு விலை. 32 ஜிபி டிடிஆர்4 நம்பமுடியாத விலைக்குக் கிடைத்தால், லேபிளில் 'ரெஜிஸ்டர்டு' என்று இருக்கிறதா பாருங்கள். அது சர்வரிலிருந்து கழற்றியது. வீட்டு கம்ப்யூட்டரில் உட்காரும், வேலை செய்யாது.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன், ரேம் தேவைதானா என்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, எவ்வளவு ரேம் செலவாகிறது எல்லாம் அங்கேயே தெரியும். வழக்கமான வேலையின்போது பாதிக்கு மேல் காலியாக இருந்தால், ரேம் கூட்டிப் பயனில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் தெரியும். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால், சாதாரண வீட்டுப் பதிப்பு 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது என்பதையும் கவனியுங்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தால், பழைய ஸ்டிக்கையும் மதர்போர்டு அல்லது லேப்டாப் மாடல் எண்ணையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்போம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை கணக்கில் ஏறாது.

சங்க கம்ப்யூட்டர் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. நான்காம் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. நம் பராமரிப்புக் கட்டணக் கணக்கும், எல்லா வீடுகளின் தொலைபேசி எண்களும் அதில்தான் இருக்கின்றன. 16 ஜிபி ஸ்டிக் வேண்டாம். 8 ஜிபி இரண்டும் வேண்டாம். அந்தத் தொகையைப் புதுக் கம்ப்யூட்டருக்கு எடுத்து வைப்போம். இது பொதுப்பணம், முடிவு உங்களுடையது.