நகைச்சுவையும் நம் பெண்மக்களும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவென்றால் இலக்கியம் பற்றிப் பேசுவதே மரபு. இன்று, தமிழ் மேடையிலும் திரையிலும் நம்மைச் சிரிக்க வைத்த ஒரு பெண்மணியைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். இதனை மரபு மீறல் என்று எவரும் கொள்ள வேண்டுவதில்லை. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். நகை பிறக்கும் இடங்கள் நான்கென வகுத்து, அவற்றுள்ளும் எள்ளலை முன்னர்ச் சொன்னார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளியபோது தானும் நகுவது மற்றொன்று என்று உரையாசிரியர் இதனை விரிப்பர். இவ்விரண்டினுள் பின்னதே அரிது. அவ்வரிய செயலையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் ‘ஆச்சி’ மனோரமா.

சிரிக்க வைக்கும் பெண்ணை உலகம் எளிதில் மதித்துவிடவில்லை. இங்கிலாந்தில் மேரி லாயிட் என்றொரு பெண்மணி இருந்தார். 1870-இல் இலண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கேளிக்கை அரங்குகளில் நகைச்சுவைப் பாடல்கள் பாடிப் பெரும்புகழ் பெற்றார். அவர் பாட்டில் பண்பு இல்லை என்று பழித்தோர் பலர். ஆயினும் 1907-ஆம் ஆண்டு, அரங்க முதலாளிகளை எதிர்த்துக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கேட்ட ஊதியம் பெறக்கூடிய நிலையிலிருந்த அவர், சிறு ஊதியக்காரர்களின் பக்கமே நின்றார். 1922-இல் அவர் மறைந்தபோது இலண்டன் மாநகரே திரண்டு வந்து வழியனுப்பிற்று.

நம் நாட்டிலும் அத்தகையோர் உண்டு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் துணைவியாகிய டி.ஏ.மதுரம் அம்மையாரை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவர். 1944-இல் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் சிறைப்பட்டார். 1947-இல் விடுதலை பெறும்வரை வழக்கு நடத்தும் சுமையும், நாடகக் குழுவைக் காக்கும் சுமையும் அம்மையார்மீது விழுந்தன. எஸ்.வி.சகஸ்ரநாமம் போன்றோர் துணையுடன் குழுவைக் கலையாமல் காத்தார். சிரிப்பு மூட்டும் தொழிலுக்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதற்கு அவரே சான்று.

அவ்வழியில் வந்தவர் மனோரமா. 1937-ஆம் ஆண்டு மே திங்கள் 26-ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தையால் கைவிடப்பட்ட தாய், கைக்குழந்தையுடன் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூருக்கு வந்து, வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். வறுமையால் பள்ளிப்படிப்பு இடையிலே நின்றது. பன்னிரண்டு வயதளவில் நாடக மேடை ஏறினார். மனோரமா என்ற பெயர் நாடகம் தந்த பெயர். பின்னர் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் ‘மணிமகுடம்’ முதலிய நாடகங்களில் நடித்தார்.

1958-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ படத்தில் அவருக்கு நகைச்சுவை வேடம் கிடைத்தது. நாடகத்தில் நாயகியாக நடித்த பெண்ணுக்கு அஃது இறக்கமன்றோ! ஆயினும், நாயகியின் காலம் சில ஆண்டுகளே; நகைச்சுவையோ நெடுங்காலம் நிற்கும் என்று கவிஞர் ஊக்கியதைப் பிற்காலத்தில் அவரே நன்றியுடன் நினைவுகூர்ந்தார். 1963-இல் மாடர்ன் தியேட்டர்சின் ‘கொஞ்சும் குமரி’யில் நாயகியாகவும் நடித்தார். எனினும் நகைச்சுவையையே தம் இல்லமாகக் கொண்டார். அவர் நடித்த படங்கள் ஆயிரத்திற்கும் மேல். கின்னசு நூல் அதனைப் பதிந்தது. அண்ணாவுடனும் கலைஞருடனும் மேடையில் நடித்தார், எம்.ஜி.ஆர்., செல்வி ஜெயலலிதா, என்.டி.ராமராவ் ஆகியோருடன் திரையில் நடித்தார். முதலமைச்சர்களான ஐவருடன் நடித்த பெருமை அவருக்குண்டு.

சொந்த வாழ்வோ முள்நிறைந்தது. 1964-இல் உடன் நடித்தவரை மணந்தார். 1966-இல் மணவாழ்வு முறிந்தது. தாயைப் போலவே மகளும் கைக்குழந்தையுடன் தனித்து நின்றார். அந்த 1960-களிலேதான் நாகேசுடன் இணைந்து படத்துக்குப் படம் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பார்மின்!

அவர் கலையின் உயிர்நிலை எது? பேச்சுத் தமிழே என்போம். 1968-இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில், சிவாஜியும் பத்மினியும் நிறைந்து நின்ற இடத்தில், ஜில் ஜில் ரமாமணி என்னும் நாடகக்காரியாக வந்து தமக்கென ஓரிடம் பிடித்தார். அவள் பேச்சு கொச்சை, நெஞ்சமோ பொன். அதே ஆண்டு ‘பொம்மலாட்ட’த்தில் சென்னைத் தமிழில் பாடிப் பட்டிதொட்டியெல்லாம் முணுமுணுக்கச் செய்தார். 1986-இல் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மாவாக வந்து, வீட்டுக்காரர்களுக்கே துணை நின்றார். வீட்டு வேலை செய்து வளர்த்த தாயின் மகள் அவ்வேடத்திற்கு அளித்த மதிப்பை நாம் காணாமலிருக்க இயலாது. 1992-இல் ‘சின்னக் கவுண்ட’ரில் கொங்கு நாட்டுத் தாயானார். எவ்வட்டாரத்துப் பேச்சையும் அவ்வட்டாரத்தார் ஒப்புமாறு பேசினார். அப்பேச்சைக் கேட்டு நகைத்தோம். அப்பேச்சுக்குரியவரை இகழ்ந்து நகைக்கவில்லை. அதுவே அவர் காட்டிய நுட்பம்.

குறையும் கூறவேண்டும். தோற்றத்தையும் பல்லையும் நிறத்தையும் வைத்துச் சிரிக்கும் மலிவான நகைச்சுவை தமிழ்ப் படங்களில் மிகுதி. அவருக்கும் அத்தகைய வேடங்கள் வந்தன. அவற்றையும் ஏற்று, எள்ளப்படும் உருவத்துக்குள்ளிருந்து ஒரு மனிதப் பிறவியை எட்டிப் பார்க்கச் செய்தார். 1989-இல் ‘புதிய பாதை’ படத்துக்காகத் தேசிய விருதும், 2002-இல் பத்மசிறீ விருதும் பெற்றார். 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

அன்பர்களே! இவ்வரலாற்றைச் சிவாஜிநகரில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிளாக்பள்ளி என்று வழங்கிய காலந்தொட்டு இப்பகுதியில் வாழும் தமிழர் பல ஊரினர். வட ஆர்க்காட்டுத் தமிழும், சேலத்துத் தமிழும், தங்கவயல் தமிழும் ரசல் மார்க்கெட்டின் சந்துகளில் கன்னடத்தோடும் உருதுவோடும் கலந்து ஒலிக்கின்றன. பாட்டி ‘ஏனுங்க’ என்றால் பேரப்பிள்ளை சிரிக்கின்றான். ‘இன்னா’ என்று தந்தை சொன்னால் மகள் தோழியர் முன் நாணுகின்றாள். சிரிப்புக்கு அஞ்சிப் பேச்சைக் கைவிடுவோர், நாளடைவில் தமிழையே கைவிடுவர். ஆச்சியின் படங்களைப் பிள்ளைகளுடன் அமர்ந்து பாருங்கள். எந்த ஊர்த் தமிழும் நாணத்தக்கதன்று என்பதை அவர்கள் தாமே உணர்வர்.

மற்றொன்றும் சொல்ல விழைகின்றோம். பரதநாட்டியம் என்றால் பெண்ணை மேடைக்கு அனுப்புகின்ற பெற்றோர், நகைச்சுவை வேடம் என்றதும் தயங்குகின்றனர். ‘நாலு பேர் சிரிப்பார்களே, நாளை வரன் பார்க்கும்போது சொல்லிக்காட்டுவார்களே’ என்பது அவர்கள் அச்சம். அதனால் அவ்வேடத்துக்கு ஓர் ஆண்பிள்ளையே சேலை கட்டி வருவது வழக்கமாகிவிட்டது. பெற்றோரின் அச்சம் பொய்யன்று; ஊர்வாய் கொடியதே. ஆனால் நாம் வாழும் இக்கருநாடகத்தையே பாருங்கள். கன்னட மேடையிலும் திரையிலும் நகைச்சுவை வேடங்கள் பல ஏற்ற உமாசிறீ அவர்கள், ‘குலாபி டாக்கீசு’ படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார்; 2013-இல் இம்மாநில அமைச்சராகவும் உயர்ந்தார். சிரிக்க வைத்தமையால் அவர் பெருமை குன்றவில்லை.

பிறர் சிரிப்புக்கு அஞ்சி வளரும் பெண், அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் வாய்திறக்க அஞ்சுவாள். பலர் கூடிய அவையைத் தன் சொல்லால் சிரிக்க வைத்த பெண் எங்கும் அஞ்சாள். ஆதலின் அடுத்த ஆண்டு விழா நாடகத்தில் நகைச்சுவைப் பகுதியை நம் பெண்பிள்ளைகளுக்கே ஒதுக்கவேண்டும் என்று சங்கத்தாரை வேண்டுகின்றோம். பெற்றோர் மனமுவந்து அவர்களை அனுப்பவேண்டும் என்று தாய்மார்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கின்றோம். அவர்கள் தத்தம் பாட்டியின் ஊர்த் தமிழிலேயே பேசட்டும். முன்வரிசையில் அமர்ந்து முதலில் கைதட்டுவோர் நாமாக இருப்போம்.