மாவுக்கட்டு போட்டோவைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு முன்னாடி...

(தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் நம் அணித் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு விஷயத்தை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். கையில மாவுக்கட்டோட ஒருத்தர் நிக்கிற போட்டோ. கீழே, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்" என்று ஒரு வரி. அந்த மீமை நானும் ஷேர் பண்ணியிருக்கேன். நல்லா லைக் வந்துச்சு. இங்க இருக்கிற பாதிப் பேர் பண்ணியிருப்பீங்க.

அந்த பாத்ரூம்ல ஒரு போலீஸ்காரர்கூட வழுக்கி விழுந்ததா நாம கேள்விப்பட்டதில்லை. அதனாலதானே சிரிக்கிறோம்? என்ன நடந்திருக்கும்னு நமக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சிரிக்கிறோம்.

சட்டப்படி அந்தப் போட்டோ என்ன? அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்த ஒரு மனுஷனோட எலும்பு உடைஞ்சிருக்கு. அவர் குற்றவாளியா இல்லையான்னு இன்னும் எந்தக் கோர்ட்டும் சொல்லலை. அப்போ அந்த எலும்புக்கு யார் பதில் சொல்றது?

இந்தக் கேள்விக்கு நம்ம நாட்டுல வந்த பதிலோட வரலாறைக் கேளுங்க. கல்கத்தாவில் அரசாங்கத் தொழிலாளர்கள் ஒரு இரும்புத் துண்டைத் தூக்கிட்டுப் போகும்போது நடந்த விபத்துல, ஒரு கப்பல் கம்பெனியோட குதிரைக்கு அடிபட்டுச்சு. அரசு இழப்பீடு தரணும்னு 1861-ல் தீர்ப்பு வந்துச்சு. ஆனா, ஆளும் அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்யுற காரியத்துக்கு இந்தப் பொறுப்பு கிடையாதுன்னு அந்தத் தீர்ப்பிலேயே ஒரு கோடும் போட்டாங்க.

வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தக் கோடு அழியலை. 1964-ல் கஸ்தூரிலால் வழக்கு. ஒரு வியாபாரியைப் பிடிச்சு, அவர்கிட்ட இருந்த தங்கத்தை போலீஸ் எடுத்து வெச்சாங்க. அதைக் காவல்ல வெச்சிருந்த தலைமைக் காவலரே தங்கத்தோட பாகிஸ்தானுக்கு ஓடிட்டார். உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? கைது செய்வதும் பறிமுதல் செய்வதும் ஆளும் அதிகாரம். அதனால அரசு பணம் தர வேண்டியதில்லை. குதிரைக்குக் கிடைச்ச நியாயம் குடிமகனுக்குக் கிடைக்கலை.

இதை மாத்தினது பெரிய மனுஷங்க இல்லை. பீகாரில் ருதுல் ஷா 1968-லேயே விடுதலைன்னு தீர்ப்பு வாங்கியும், 14 வருஷம் ஜெயிலில் கிடந்தார். 1983-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு மொத்தம் 35,000 ரூபாய் கிடைக்கச் செஞ்சது. ஒடிசாவில் 22 வயசுப் பையனைத் திருட்டுச் சந்தேகத்துல 1987 டிசம்பர் 1 அன்னைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மறுநாள் தண்டவாளத்துல பிணமாக் கிடந்தான். "தப்பிச்சு ஓடிட்டான், ரயில் அடிச்சிருச்சு" என்றது போலீஸ். அவனோட அம்மா நீலாவதி பெஹெரா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. அந்தக் கடிதமே வழக்காச்சு. 1993-ல் தீர்ப்பு: ஒன்றரை லட்சம் இழப்பீடு, அடிப்படை உரிமை மீறப்பட்டால், ஆளும் அதிகாரம் என்ற சாக்கை அரசு சொல்ல முடியாது. 1996-ல் டி.கே.பாசு வழக்கில் இன்னும் தெளிவாச் சொன்னாங்க: இழப்பீட்டை அரசு தரணும்; தப்பு செஞ்சவரிடமிருந்து அதை வசூல் பண்ணிக்கிற உரிமையும் அரசுக்கு உண்டு.

அப்புறம் என்ன பிரச்சினைன்னு கேட்கலாம். நம்ம நாகர்கோவில்காரர், இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனைப் பாருங்க. 1994 நவம்பர் 30-ல் கைது. உளவுக் குற்றச்சாட்டு பொய்யின்னு 1996-லேயே சி.பி.ஐ. சொல்லிருச்சு. 50 லட்சம் இழப்பீடு கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2018-ல். ராக்கெட் எஞ்சின் செஞ்சவருக்கே 24 வருஷம்! கொத்து வேலைக்குப் போற அண்ணனுக்கு எத்தனை வருஷம் ஆகும்? அந்தப் பணமும் அடிச்ச கையிலிருந்து வரலை. அரசுக் கஜானாவிலிருந்து, அதாவது மக்களோட வரிப்பணத்திலிருந்து வந்துச்சு.

நான் இன்ஜினியரிங் படிச்சவன், அதனால இன்னொன்னும் சொல்லணும். 2020-ல் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வெச்சிருந்த அப்பாவும் மகனும் செத்தாங்க. ஸ்டேஷனுக்குப் போய் விசாரிச்ச மாஜிஸ்திரேட் என்ன எழுதினார் தெரியுமா? ஹார்டு டிஸ்க்ல 1 டிபி இடம் இருந்தும், பதிவு தினமும் தானா அழியுற மாதிரி செட்டிங் வெச்சிருந்தாங்க. இடம் இல்லாம அழியலை, அழியணும்னு வெச்சதால அழிஞ்சது. அந்த வருஷம் டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கணும், பதிவைக் குறைஞ்சது ஒரு வருஷம் பாதுகாக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. 2025-ல் மடப்புரம் கோயில் காவலாளி, நகை காணோம்னு வந்த ஒரு புகாருக்காக, அடிபட்டே செத்தார். எதுவும் மாறலைன்னு தெரியுதா?

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் கையெழுத்து போட்டுச்சு. இன்னைக்கு வரை அதை உறுதி செய்யலை. 2010-ல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேங்கிக் காலாவதியாச்சு. 2017-ல் சட்ட ஆணையம் தன் 273-வது அறிக்கையில் வரைவுச் சட்டமே எழுதிக் கொடுத்தது. அதுவும் தூங்குது.

அதனால நாம கேட்க வேண்டியது மூணு. இழப்பீடு சட்டப்படி உரிமையா வரணும். முதலமைச்சர் அறிவிக்கிற கருணைத் தொகையா இருக்கக் கூடாது. அரசு முதல்ல கொடுத்துட்டு, குற்றம் நிரூபணமான அதிகாரியோட சம்பளத்திலிருந்து பிடிக்கணும். புகார் வந்த அன்னைக்கே கேமரா பதிவை ஸ்டேஷன் கையிலிருந்து எடுத்துப் பூட்டணும்.

நாளைக்கு நம்ம ஆட்சி வந்தாலும் இதே மூணையும் கேட்போம். கேட்கலைன்னா, இந்த வீடியோவை எடுத்து என் மூஞ்சியிலேயே போடுங்க.

கடைசியா ஒண்ணு. உங்க தெருவுல யாரையாவது கூட்டிட்டுப் போனா, கைதுக் குறிப்பு எழுதினாங்களா, சாட்சிக் கையெழுத்து இருக்கா, வீட்டுக்குச் சொன்னாங்களான்னு கேளுங்க. இலவச சட்ட உதவிக்கு 15100. அந்த நம்பரை இப்பவே போன்ல சேவ் பண்ணுங்க.

அடுத்த மாவுக்கட்டு மீம் குரூப்புல வந்தா ஃபார்வர்டு பண்ணாதீங்க. "எஃப்.ஐ.ஆர். எங்கே? மருத்துவப் பரிசோதனை அறிக்கை எங்கே?" என்று கீழே கேளுங்க.



#காவலில்_அடிச்சா_அரசே_பொறுப்பு