எண்ணூரிலே ஏந்திய வாளி



2017 ஜனவரி 28. எண்ணூர் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே, பொழுது புலராத வேளையிலே, இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. 'பி.டபிள்யூ. மேப்பிள்' ஒன்று; 'டான் காஞ்சிபுரம்' மற்றொன்று. காஞ்சியின் பெயர் தாங்கிய கலத்திலிருந்து கசிந்தது கனத்த எரியெண்ணெய். கசிவே இல்லை என்ற அறிவிப்புத்தான் முதலிலே வந்தது. அறிவிப்பு அலுவலகத்திலிருந்து வந்தது. எண்ணெயோ அலையேறி வந்தது! எது மெய் என்று காட்ட, எண்ணெயிலே தோய்ந்து ஒதுங்கிய ஆமைகள் கரையிலே கிடந்தன.

பிறகு கண்ட காட்சி என்ன? கையிலே வாளி! மாணவரும் மீனவரும் கடலோரக் காவற்படையினரும் வரிசையாக நின்று, கருங்குழம்பை அள்ளி, கைமாற்றிக் கைமாற்றிக் கரையேற்றினர். செவ்வாய்க்குக் கலம் அனுப்பிய நாட்டின் கடற்கரையிலே, எண்ணெயை எதிர்த்து நின்ற படைக்கலம் வாளி! அள்ளிய கரங்களை வணங்குகிறேன். வாளியை நீட்டிவிட்டு விலகி நின்றோரைக் கேட்கிறேன்: விஞ்ஞானம் வேறு வழி காட்டவில்லையா?

காட்டியிருக்கிறது. நீர்மேல் மிதந்து, அடியிலே திரை தொங்கவிட்டு, எண்ணெயை மடக்கும் மிதவை வேலி உண்டு. மடக்கியதைச் சுழலும் தட்டுகளிலே ஒட்டவைத்து வழித்தெடுக்கும் பொறி உண்டு. எஞ்சியதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிரும் உண்டு. ஆனால் வேலியும் பொறியும் விரைந்து வந்தால்தான் வேலை செய்யும். கனத்த எண்ணெயை அலை கடையக் கடைய, நீரை உள்வாங்கிக் குழம்பாகிப் பன்மடங்கு பருத்துவிடுகிறது. எண்ணூருக்குக் கழிவுநீர் உறிஞ்சும் வண்டிகளைக் கொண்டுவந்தார்கள்; குழம்பின் முன்னே அவை திணறின.

மருந்து தெளித்துக் கரைத்துவிடலாமே என்பார் சிலர். 1967-லே, இங்கிலாந்தின் கார்ன்வால் கடலிலே 'டோரி கேன்யன்' கப்பல் பாறையிலே மோதியது. சுமந்து வந்ததோ ஏறத்தாழ 1,20,000 டன் கச்சா எண்ணெய். டன் டன்னாகச் சலவை மருந்தைக் கொட்டினார்கள். விமானத்திலிருந்து குண்டுகூடப் போட்டார்கள்! பாறையிலே ஒட்டி வாழும் நத்தையினங்களை எண்ணெயைவிட மருந்தே மிகுதியாக மாய்த்தது. இன்றைய மருந்துகள் அத்துணை நஞ்சல்ல. ஆயினும் ஆழமில்லாக் கரையோரத்திற்கு அவை ஆகா.

பொருள் படைத்த அமெரிக்கா மட்டும் என்ன செய்தது? 2010-லே மெக்சிகோ வளைகுடாவிலே 87 நாட்கள் கசிந்த எண்ணெயிலே, நீர்மேலிருந்து வழித்தெடுத்தது, அந்நாட்டு அரசின் கணக்குப்படியே, நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு! பரவவிட்டுப் பிடிக்கலாம் என்பது பகற்கனவு.

இவையெல்லாம் தெரிந்த பிறகும், 2023 டிசம்பரிலே, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. மீண்டும் இறங்கியவர் யார்? படகும் வலையும் பாழான அதே மீனவர்! அவர் கையிலே மீண்டும் அதே வாளி, குவளை!

கடலோரக் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் துறைமுகத்திலே மிதவை வேலி எத்தனை மீட்டர் இருக்கிறது, கிடங்கின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது, எத்தனை மணி நேரத்திலே அது கழிமுகத்தின் வாயை அடைக்கும் என்ற மூன்றையும் எழுத்திலே கேளுங்கள். வரும் விடையை, வராவிட்டால் வரவில்லை என்ற செய்தியை, இந்த ஏட்டுக்கு அனுப்புங்கள், ஊர்ப்பெயரோடு வெளியிடுவோம்.