பெரும்பாக்கத்துக்குப் போன குடும்பங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, சென்னையில் அடையாறு, கூவம் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தெற்கே பெரும்பாக்கத்தில் குடியமர்த்தினார்கள். எட்டு மாடிக் கட்டடம், கான்கிரீட் கூரை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. மழை என்றாலே பயந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் பிழைப்பு கூடவே வரவில்லையே! சைதாப்பேட்டையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். முன்பு நடந்தே போவார். நடுவில் வந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி போவார். இப்போது போக ஏறத்தாழ 20 கிலோமீட்டர், வரவும் அதே தூரம். விடியுமுன் கிளம்பினாலும் இரண்டு வீடுதான் முடிகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி. ஆனால் பறிபோன நேரத்தை யார் தருவது?

கல்வியாண்டின் நடுவில் இடம் மாறியதால் பள்ளியை விட்ட பிள்ளைகளும் உண்டு. பெரும்பாக்கம், அதைப் போலவே குடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று இளைஞர்கள் குமுறுகிறார்கள். இது அநியாயம்.

குடிசை இருந்த இடத்திலேயே அரசின் குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடி கட்டிக் கொடுத்த பகுதிகளும் சென்னையில் இருக்கின்றன. கரையோரக் குடும்பங்கள் பல காலமாகக் கேட்பதும் அதைத்தான்: வீடு கொடுங்கள், வேலைக்குப் பக்கத்தில் கொடுங்கள்.