இல்லத்திற்கும் ஒரு படித்தரம்



திருக்கோயிலுக்கு வருவோர் கொடிமரத்தை வணங்குகின்றனர். கருவறையில் இறைவனைக் கண்டு தொழுகின்றனர். திருச்சுற்றை வலம் வருகின்றனர். ஆயின், அவ்விறைவனுக்கு அமுது ஆக்கும் திருமடைப்பள்ளியை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இல்லறத்தார்க்கு வேண்டிய அரிய பாடம் ஒன்றை அம்மடைப்பள்ளி நாள்தோறும் சொல்லாமற் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்பாடத்தின் பெயர் படித்தரம்.

ஒவ்வொரு காலப் பூசைக்கும் நிவேதனத்திற்கு அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, நெய் இவ்வளவு என முன்னரே வரையறுத்து வைத்த அளவே படித்தரம் ஆகும். இது நேற்று வந்த வழக்கம் அன்று. 1010-ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைக் காண்க. நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு என்பவற்றோடு நில்லாமல், ஆழாக்கில் ஐந்தில் ஒரு பங்காகிய செவிடு என்னும் சிற்றளவு வரையில் அவை கணக்குக் கூறுகின்றன. அங்கு நெல் அளந்த மரக்காலுக்கு இறைவன் திருப்பெயரையே சூட்டி, 'ஆடவல்லான்' என்று வழங்கினர். மாமன்னன் இராசராசனிடம் செல்வத்திற்குக் குறைவு உண்டோ? இல்லை. இருந்தும் அளந்தே கொடுத்தான், அளந்தே ஆக்கினர். அளவு என்பது வறுமையின் அடையாளம் அன்று. பொருளின்பால் கொண்ட மதிப்பின் அடையாளம்.

இன்றைய இல்லங்களில் நிகழ்வது யாது? "குறைந்துவிட்டால் என் செய்வது?" என்னும் அச்சத்தால் நாள்தோறும் ஒரு பிடி அரிசி கூடுதலாக உலையில் விழுகிறது. ஒரு பிடி 50 கிராம் எனக் கொண்டால், ஓராண்டில் அது 18 கிலோவைக் கடக்கிறது. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி எனக் கணக்கிட்டால், ஏறக்குறைய 180 வேளைச் சோறு குப்பையிற் சேர்கிறது. மாதக் கடைசியில் மளிகைக் கடையில் கடன் சொல்லும் குடும்பங்களிலும் இஃது உண்டு என்பதே வருந்தத்தக்கது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் நூற்றுக்கு அறுபது பங்கு இல்லங்களில் வீணானது என்றும் கூறுகிறது. ஆகலின் இக்குறை பெருவிருந்துகளில் மட்டும் இல்லை. அவரவர் அடுக்களையிலேயே இருக்கிறது.

இல்லத்திற்குப் படித்தரம் வகுப்பது எளிது. வாரத்தில் ஒரு நாள், கணவனும் மனைவியும், வீட்டிலுள்ள பெரியோரும் சேர்ந்து அமர்க. முதலில் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பின்னரே வாங்க வேண்டுவதை எழுதுக. கீரை, வெண்டை, முருங்கைக்காய் முதலியன விரைவில் வாடுவன. வாங்கிய ஓரிரு நாளிலேயே அவற்றைச் சமைத்துவிடுக. சேனை, கருணை, பூசணி முதலியன பொறுத்திருப்பன. அவற்றை வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்க. யார் எத்தனை வேளை வீட்டில் உண்பர் என்பதையும் அப்பொழுதே கேட்டுக் குறித்துக்கொள்க.

இதற்குப் பஞ்சாங்கமும் துணை செய்யும். ஏகாதசியன்று விரதம் இருப்போர் அன்னம் கொள்ளார். அன்று அவர்கள் பங்கு அரிசியைக் குறைக்கலாம். மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வேண்டும். அவற்றை முன்னரே கருதி வாங்கலாம். சஷ்டி, கார்த்திகை ஆகிய நாள்களில் ஒருபொழுது உண்போர் உளராயின் இரவுச் சமையல் சுருங்கும். இவ்வாறு விரதமும் சிக்கனமும் ஒன்றுக்கொன்று உறுதுணை ஆகின்றன.

அளந்து ஆக்கியும் சில வேளைகளில் எஞ்சும். நம் முன்னோர் அதற்கும் வழி கண்டனர். இரவில் எஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது ஆகும். புளித்த இட்டிலி மாவு ஊத்தப்பமாகும். பீர்க்கங்காய்த் தோலும் வாழைக்காய்த் தோலும் துவையலாகும். அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டி வழியே பசுவிற்குச் சென்றன. ஒன்றை மட்டும் மறவற்க: ஊசிப் போனதை ஏழைக்கும் பசுவிற்கும் இடுவது தானம் ஆகாது. எஞ்சும் என்று தெரிந்த அப்பொழுதே, நல்ல நிலையில் இருக்கும்போதே, பசித்தவர்க்கு ஈவதே தானம்.

"அளந்து சமைத்தால் திடீரென விருந்தினர் வந்தால் என் செய்வது? இது கருமித்தனம் அன்றோ?" என வினவுவோர் உண்டு. அன்று. கருமி பிறர்க்கு இடாமல் வைக்கிறான். அளவறிந்தவன் பிறர்க்கு இடுவதற்காகவே வைக்கிறான். வீணாக்காத வீட்டில் விருந்தினர்க்கு ஆக்க அரிசிப் பானையில் என்றும் அரிசி இருக்கும்.

காஞ்சி மாமுனிவர் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள், நாள்தோறும் சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியை அறத்திற்கெனத் தனியே எடுத்து வைக்குமாறு இல்லத்தரசியர்க்கு அறிவுறுத்தினார்கள். 1867-ஆம் ஆண்டில் வள்ளற்பெருமான் வடலூர்ச் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அவ்வடுப்பைக் காப்பது அன்பர்கள் அளிக்கும் தானியமே. உலையில் மிகுதியாக விழுந்து வீணாகும் பிடியும், பசித்தவர்க்கென எடுத்து வைக்கும் பிடியும் அளவில் ஒன்றே. அது செல்லும் இடந்தான் வேறு. எங்குச் செல்ல வேண்டும் என்பதை உலை வைப்பவரின் கையே முடிவு செய்கிறது.

ஆதலின் அன்பர்களே! இன்று இவ்வாலயத்தில் அன்னதானத்திற்கு அமர்வோர் உண்ணும் அளவே கேட்டுப் பெறுக. இலையில் ஒரு பருக்கையும் விடற்க. இல்லம் சென்றதும் நாளைய சமையலுக்கு இன்றே அளவு குறிக்க. மிச்சமாகும் அப்பிடி அரிசியை ஒரு கலத்தில் இட்டு வருக. கலம் நிறைந்ததும் அருகிலுள்ள திருக்கோயில் அன்னதானத்திற்கு அளிக்க. படியளக்கும் பரமன் தந்ததைப் பழுதாக்காமல் உண்டு, பகிர்ந்து வாழும் நல்வாழ்வை அவன் திருவருள் அனைவர்க்கும் கூட்டுவதாக!