உப்புக் கிண்ணமும் எண்ணெய்ப் புட்டியும்



திருவள்ளுவரையும், அவருடைய இல்லத்தரசி என்று கர்ணபரம்பரையாகச் சொல்லப்படும் வாசுகி அம்மையாரையும் பற்றிய கதை ஒன்றைக் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து வாழ்த்துரை கேட்டவர்கள் எல்லாரும் அறிவார்கள். பழைய சோற்றை உண்டுகொண்டிருந்த வள்ளுவர், சோறு சுடுகிறது என்றாராம்; அம்மையார் மறுபேச்சில்லாமல் விசிறியை எடுத்து வீசினாராம். இல்லறத்தின் லட்சணம் இதுவே என்று வாழ்த்துரைப்பவர் முடிப்பார். மாப்பிள்ளை தலையை ஆட்டுவார். மணப்பெண் எப்படியும் அந்த நேரத்தில் தலை குனிந்துதான் இருப்பாள். இந்தக் கதையில் எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. அம்மையார் விசிறினார் என்றுதான் கதை சொல்கிறதே தவிர, சோறு சுடுகிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டதாக எங்கும் சொல்லவில்லை. விசிறிய கை என்ன நினைத்ததோ, யார் கண்டார்?

இன்றைக்கு நம் வீடுகளில் சோறு சுடுகிறதா ஆறிவிட்டதா என்பதல்ல விவாதம். அது எந்த அரிசிச் சோறு, எத்தனை கரண்டி, அதன்மேல் விழும் நெய் எவ்வளவு, பக்கத்தில் அப்பளம் உண்டா இல்லையா என்பவையே விவாதப் பொருள்கள். இவற்றோடு, மின்விசிறியை எந்த வேகத்தில் சுழலவிடுவது, நேற்றைய குழம்பைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சுடவைப்பதா கொட்டுவதா, இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கா ஒன்பது மணிக்கா என்கிற உபகேள்விகளும் சேர்ந்துகொள்கின்றன. இந்த உபகேள்விகளில் எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் தீர்ப்பு ஏற்பட்டதில்லையாதலால், அவற்றை விட்டு இலைக்கு வருகிறேன்.

நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், நானும் என் மனைவியும் ஒரே நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டை மிதித்துக்கொண்டு நிற்பதாகவும், அவளுக்கு இரத்த அழுத்தம் எல்லையைச் சற்றே தாண்டிவிட்டதாகவும் மருத்துவர் சொன்னார். அன்று முதல் எங்கள் இருவரிடமும் ஓர் அபூர்வமான குணம் தோன்றியது. அவரவர் சீட்டை அவரவர் ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்தோம். மற்றவர் சீட்டையோ சட்டப் புத்தகம் படிக்கும் சிரத்தையோடு வரி வரியாகப் படித்தோம். அவளுடைய உப்புக்கு நான் காவலன் ஆனேன். என்னுடைய சர்க்கரைக்கு அவள் காவலாளி ஆனாள்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து கிராம் என்றால் மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி. புத்தகத்தில் படிக்கும்போது இது தாராளமாகவே தோன்றும். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து, ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி உப்பை விரலால் மட்டம் தட்டி அளந்து வைத்து, உப்பு ஜாடியையும் ஊறுகாய் ஜாடியையும் பரண்மேல் ஏற்றிவிட்டு, இன்றைய சமையல் முழுவதும் இந்தக் கிண்ணத்துக்குள் அடங்கவேண்டும் என்று பிரகடனம் செய்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இட்லிக்கு முதல்நாளே மாவில் போட்ட உப்பு என் கணக்கில் வரவில்லை என்பதைக்கூடச் சொல்லவில்லை. சட்னிக்கு ஒரு சிட்டிகை, சாம்பாருக்கு, பொரியலுக்கு, ரசத்துக்கு என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தாள். ரசம் இறங்கியபோது கிண்ணத்தில் பித்தளை தெரிந்தது. மோருக்கு மிச்சமில்லை, ராத்திரிச் சமையலுக்கோ கேட்கவே வேண்டாம். அந்த வெறுங்கிண்ணத்தை என் இலையின் வலதுபக்கத்தில், நெய்க்கிண்ணம் இருக்கவேண்டிய இடத்தில், அவள் வைத்துவிட்டுப் போனாள்.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போதுதான் வாயைத் திறந்தாள். "பரண்லேருந்து ஜாடியை இறக்க வேண்டாம். நான் ஊறுகாய், அப்பளம் ரெண்டையும் விட்டுடறேன். நீங்க சர்க்கரை போட்ட காப்பியையும், சாயங்காலம் நடக்கப் போறேன்னு போய் ஓட்டல்ல பஜ்ஜி சாப்பிடறதையும் விட்டுடுங்க. உங்களால முடியாதுங்க."

பஜ்ஜி விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது வேறு விஷயம். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை அடித்தது. அதை நான் முன்பே எங்கோ கேட்டிருப்பதாகவும் தோன்றியது. எங்கே என்று நினைவு வர இரண்டு நாள் ஆயிற்று.

காந்தியடிகள் தமது சத்திய சோதனையில், வீட்டுக்குள் நடந்த ஒரு சத்தியாக்கிரகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்தில் கஸ்தூரிபாவுக்கு இரத்தப்போக்கு நோய் வந்து, சத்திரசிகிச்சை நடந்து, குணமானதுபோல் இருந்து, மறுபடியும் திரும்பியது. உப்பும் பருப்பும் பலவீனமான உடம்புக்கு ஆகாது என்று தாம் புத்தகங்களில் படித்திருந்ததைக் கொண்டு, அவ்விரண்டையும் விட்டுவிடும்படி காந்திஜி மனைவியிடம் மன்றாடினார், ஆதாரங்களையெல்லாம் எடுத்துக்காட்டினார். அம்மையார் இணங்கவில்லை. கடைசியில், உங்களை விடச் சொன்னால் நீங்களே விடமாட்டீர்கள் என்கிற கருத்தில் ஒரு வார்த்தை சொன்னார். இதைக் கேட்டுக் காந்திஜிக்கு வருத்தமும் உண்டாயிற்று, சந்தோஷமும் உண்டாயிற்று. எந்த வைத்தியரும் சொல்லாமலே, நீ விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஒரு வருஷத்துக்கு இரண்டையும் விட்டுவிட்டேன் என்று அந்த க்ஷணமே பிரதிக்ஞை செய்துவிட்டார். அம்மையார் திகைத்துப்போய், நான் விட்டுவிடுகிறேன், உங்கள் சபதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சி, அவர் இசையாததால் கண்ணீர் வடித்தார். பிறகு அம்மையாரின் உடம்பு தேறியது. அது உப்பையும் பருப்பையும் விட்டதனால்தானா, வேறு காரணத்தாலா என்று தம்மால் சொல்ல முடியாது என்பதையும் காந்திஜி மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒருவர் தம் மனைவியிடம் செய்த வாதத்தில் ஜயித்தபிறகு இப்படி எழுதுவது எவ்வளவு துர்லபம் என்பதை, வாதத்தில் ஜயித்தே அறியாத நான் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் காந்திஜியின் சபதத்தையே போற்றுவார்கள். எனக்கோ அம்மையாரின் வார்த்தைதான் பெரிதாகப் படுகிறது. அதுவரை நடந்தது உபதேசம். ஒருவர் பத்தியம் விதிக்கிறார், மற்றவர் இலையில் மட்டும் உப்பு இல்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இரண்டு இலையிலும் உப்பு இல்லை. விதித்தவரும் விதிக்கப்பட்டவரும் ஒரே பந்தியில் உட்காரும்படி ஆக்கியது கணவரின் வைராக்கியம் அல்ல, மனைவியின் சீண்டல்.

என் விஷயத்துக்கு வருகிறேன். காந்திஜியைப் படித்த தைரியத்தில் நானும் சர்க்கரைக் காப்பியையும் பஜ்ஜியையும் விட்டேன். ஒன்பது நாள். பத்தாம் நாள் மழை பெய்தது. மழையில் ஒதுங்குவதற்கு அந்தத் தெருவில் அந்த ஓட்டல் தாழ்வாரத்தைத் தவிர வேறு இடம் இல்லை என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். வீட்டுக்கு வந்ததும் அவள் என் சட்டைக் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஸ்டூலைப் போட்டுப் பரணிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கினாள். மாவடு. ஒன்றே ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்து, மீதிப் பாதியைத் தட்டில் வைத்துவிட்டு ஜாடியை மறுபடியும் ஏற்றினாள். ஒன்பது நாளைக்கு அரை வடு என்பது அவள் விதித்த மாற்றுவிகிதம் போலும்.

இன்னொரு சங்கதியும் சொல்லவேண்டும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் பச்சரிசி. அவள் பிறந்த வீட்டில் புழுங்கலரிசி. புழுங்கலரிசிதான் உடம்புக்கு நல்லது என்று அவள் தாயார் சொல்லியனுப்பியதை என் தாயார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் சமர்த்தாக மௌனம் சாதித்தேன். பச்சரிசி ஜயித்தது. பல வருஷங்களுக்குப் பிறகு, எய்க்மான் என்னும் டச்சு மருத்துவரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. இன்று ஜகார்த்தா என்று வழங்கும் பட்டாவியாவில், 1890-ஆம் ஆண்டை ஒட்டி, கால்களை மரத்துப்போகச் செய்து இருதயத்தைத் தளர்த்தும் பெரிபெரி என்ற நோய்க்கு எந்தக் கிருமி காரணம் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய சோதனைக்கூடத்துக் கோழிகளுக்கு அந்நோயைப் போன்ற ஒரு நோய் வந்தது. பிறகு திடீரென்று தானாகவே போய்விட்டது. விசாரித்துப் பார்த்ததில் தெரிந்தது இது: சில காலமாக அக்கோழிகளுக்கு இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு போடப்பட்டு வந்தது. சமையற்காரர் மாறினார். புதிதாக வந்தவர், பட்டாளத்துச் சோற்றைப் பட்டாளத்தில் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். அதன்பின் தவிடு போகாத மட்டரக அரிசியைத் தின்ற கோழிகள் பிழைத்துக்கொண்டன. கிருமி இல்லை, அரிசியிலிருந்து எதை நீக்கினார்களோ அதில் இருந்தது விஷயம். எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தச் சமையற்காரருக்கு ஒன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை. கரண்டி பிடிக்கும் கையின் பிடிவாதத்துக்குச் சரித்திரத்தில் கிடைத்திருக்கும் இடம் பொதுவாக இவ்வளவுதான்.

தவிட்டில் உள்ள அந்தச் சத்துக்குத் தயமின் என்று பிற்பாடு பெயரிட்டார்கள். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது அது உமியோரத்திலிருந்து மணிக்குள்ளே இறங்கிவிடுகிறதாகையால், பிறகு தீட்டினாலும் புழுங்கலரிசியில் அதில் பெரும்பங்கு தங்கிவிடுகிறது. இதை நான் ஏதோ கண்டுபிடித்தவன்போல ஒரு நாள் மத்தியானம் மனைவிக்கு விளக்கினேன்; பட்டாவியா, கோழி, நோபல் பரிசு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "எங்க அம்மா சொன்னாங்க. அப்ப உங்களுக்குக் காது கேக்கலை" என்றாள். அடுத்த மாதத்திலிருந்து புழுங்கலரிசி வந்தது. புழுங்கலானாலும் அளவு மீறினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். ஆகவே என் சோற்றை இப்போது அவள் ஒரு டம்ளரில் அழுத்தி அளந்து கவிழ்க்கிறாள். டம்ளரை நான் தேர்ந்தெடுக்க அனுமதி இல்லை.

கஸ்தூரிபாவின் கதைக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காந்திஜி பால் சாப்பிடுவதில்லை என்று சபதம் செய்திருந்தார். 1918-இல் கேடா ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க அலைந்த சமயத்தில் வயிற்றுக்கடுப்பு வந்து, உயிர் போய்விடும் என்று தாமே நினைக்கும்படி இளைத்துவிட்டார். பால் சாப்பிட்டாலொழிய உடம்பு தேறாது என்று பம்பாய் மருத்துவர் சொல்ல, பசுவையும் எருமையையும் கறவைக்காகப் படுத்தும் கொடுமையைச் சொல்லி இவர் மறுத்தார். கட்டிலருகே நின்றிருந்த கஸ்தூரிபா குறுக்கிட்டு, அப்படியானால் ஆட்டுப்பாலுக்கு ஆட்சேபம் இருக்க முடியாதே என்றார். சபதம் எடுத்தபோது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தாம், ஆடு இல்லை. காந்திஜி அந்த ஆட்டுப்பாலைக் குடித்துப் பிழைத்தார். சபதத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் ஆத்மாவைக் கொன்றுவிட்டோமே என்று பிற்காலம் முழுவதும் அவர் வருந்தினார் என்பது உண்மை. ஆனால் வருந்துவதற்கு அவருக்கு ஒரு பிற்காலம் இருந்தது.

எங்கள் வீட்டில் இப்போது எண்ணெய்க்கும் ஒரு சட்டம் உண்டு. ஆளுக்கு மாதம் அரை லிட்டர். இது மருத்துவர் சொன்னது, நான் இயற்றியதல்ல. ஒன்றாம் தேதி ஒரு லிட்டர் நல்லெண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, அதன் வெளிப்புறத்தில் நீளவாக்கில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, பத்து, இருபது, முப்பது என்று தேதிக்கோடுகளைப் பென்சிலால் நான் போட்டிருக்கிறேன். சென்ற தீபாவளிக்கு மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும் வந்து ஆறு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் ரயிலேறிய மறுநாள் காலையில் பார்க்கிறேன், புட்டி காலி. தேதி இருபது. அதோடு, பின்னால் இன்னொரு புட்டி திறக்கப்பட்டு, அதிலும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் சாட்சியம்! இரண்டு புட்டிகளையும் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

அவள் கோபிக்கவில்லை. நாட்காட்டியில் கிழித்த ஒரு தாளை நீட்டினாள். பின்பக்கத்தில் பென்சில் கணக்கு. ஓர் ஆளுக்கு முப்பது நாளைக்கு ஐந்நூறு மில்லி. வந்தவர்கள் நாலு பேர். தங்கியது ஆறு நாள். ஆக இருபத்துநாலு ஆள்நாள். அதற்கு நானூறு மில்லி. "சட்டம் ஆளுக்குன்னுதானே? புட்டிக்குன்னு நீங்க சொல்லலையே."

உட்கார்ந்து நானும் ஒருமுறை பெருக்கி வகுத்துப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பேரப்பிள்ளைகளின் பங்கில் முறுக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். டப்பாவைத் திறந்து, தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று எடுத்துவைத்துவிட்டு, மூடியை இறுக்கமாகத் திருகினாள்.